இசைத்தட்டில் ஒட்டிக்கொள்ளும் மின்சாரம்

(சங்கத்தின் வாசலூர்பட்டி சுற்றுலாவில் மாலை நேரச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலர் வீட்டுப் பரணில் அப்பா, தாத்தா காலத்து இசைத்தட்டுகள் இருக்கின்றன. 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதத் தட்டுகூடச் சிலரிடம் இருக்கலாம். "ஒரே படபட சத்தம், தட்டு போச்சு" என்று பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டக்' சத்தம் 1.8 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்தால் அது கீறல். அதைச் சரிசெய்ய முடியாது. ஒழுங்கில்லாமல் அங்கங்கே வெடித்தால் பெரும்பாலும் தூசியும் நிலைமின்சாரமும்தான். அதைப் போக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இரண்டு பொருள் உரசும்போது ஒன்றிலிருந்து எலெக்ட்ரான் மற்றொன்றுக்குப் போகிறது. ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. எல்.பி. தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக். அது எலெக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும். மின்சாரம் கடத்தாததால் திருப்பித் தராது. அந்த மின்னேற்றம்தான் தூசியை இழுக்கிறது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போகாது, கூடும்.

இந்த மலையில் பனிமூட்டம் வரும்போது காற்றிலுள்ள ஈரமே மின்னேற்றத்தைக் கசியவிடும். கீழே நம் ஏசி அறையில் காற்று உலர்ந்துவிடுவதால் தொல்லை அதிகம். அதற்காகத் தட்டை ஈரமான இடத்தில் வைக்காதீர்கள்; பூஞ்சை பிடிக்கும்.

செய்ய வேண்டியவை:

1. உறையிலிருந்து தட்டை மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று உருவினால் அந்த உரசலே மின்னேற்றும்.

2. கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைச் சுற்றும் தட்டின் மேல் லேசாக வையுங்கள். அதன் இழை மின்சாரம் கடத்தும். பிரஷ்ஷின் உலோகப் பகுதியை விரல் தொட்டிருந்தால் மின்னேற்றம் உங்கள் கை வழியாக இறங்கிவிடும்.

3. அழுக்கு அதிகமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, தானாகக் காயவிடுங்கள். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்தால் உப்பு படியும்.

4. காய்ந்த தட்டைப் பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள். நிலைமின்சாரம் பிடிக்காத புது உள்ளுறை வாங்குங்கள். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள்.

ஜீரோஸ்டாட் என்றொரு துப்பாக்கியும் உண்டு. கேஸ் லைட்டரைப் போலவே உள்ளே படிகத்தை அழுத்தி மின்னூட்டம் கொண்ட காற்றைப் பாய்ச்சும். நல்ல கருவிதான், விலை கூடுதல். அதற்குப் பதிலாக அடுப்படி லைட்டரைத் தட்டிடம் நீட்டிவிடாதீர்கள்!

கடைசியாக முக்கியமான ஓர் எச்சரிக்கை. லேபிளில் 78 என்று போட்டிருக்கும் கனமான தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல, பெரும்பாலும் அரக்கு கலந்தவை. தச்சர் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். ஆகவே அந்தத் தட்டுகளில் ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் பாட்டே கரைந்துவிடும். எல்.பி.க்குச் சொல்லும் ஆல்கஹால் கலந்த திரவங்களை இவற்றில் தொடவே வேண்டாம். இவற்றுக்கு நிலைமின்சாரத் தொல்லையும் குறைவு. மென்மையான பிரஷ்ஷே போதும்.

ஊருக்குத் திரும்பியதும் பரணில் இருப்பதை இறக்குங்கள். 33-ஐயும் 78-ஐயும் முதலில் தனித்தனியாகப் பிரியுங்கள். பிறகு அந்த 1.8 விநாடிச் சோதனை. பேப்பர்காரரை அதற்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.