காலாவதியாவது எது? சரக்குக் காப்புறுதியும் ஒரு சொல்லின் பொறுப்பும்



1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்பார் செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அந்நிலம் 1800 வரை கெடாவைச் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினதான அவ்வடமொழிக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் கடலோடியின் பயணம் இனிது நிறைவேற வேண்டுமென விழைகிறது. அவ்விழைவு நாளைப் பற்றியதன்று, பயணத்தைப் பற்றியது. இன்றைய சரக்குக் காப்புறுதியின் அடிப்படையும் அதுவே. ஆயினும் அந்த ஆவணங்களில் சில வேளைகளில் ‘காலாவதி நாள்’ என்றொரு தொடர் இடம்பெறுகிறது. அதனையே இன்று ஆராய்வோம்.

நம் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் காப்புறுதி எடுக்கிறோம். குறித்த நாளோடு அதன் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அதே கண்கொண்டு சரக்குக் காப்புறுதியையும் நோக்குவதிலிருந்தே பிழை தொடங்குகிறது. சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஏற்றப்படும் ரப்பர், லாரியில் பட்டர்வொர்த் சென்று, கப்பலேறி, அயல்நாட்டுக் கிடங்கை அடைகிறது. அவ்வழி முழுதும் காப்புறுதி உடன்செல்ல வேண்டும். லண்டனில் வகுக்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் சரக்குக் காப்புறுதி விதிகளின்படி, அனுப்பும் கிடங்கில் ஏற்றுவதற்காகச் சரக்கை நகர்த்தும்போது பாதுகாப்பு தொடங்குகிறது. சேரும் கிடங்கில் இறக்கி முடித்ததும் நிறைவுறுகிறது. இடையே தாமதம் நேரின், இறுதித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கியபின் 60 நாள்கள் வரையே அது நீடிக்கும். அந்த 60 நாள்களும் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்தவை அல்ல. இறக்குதல் என்னும் நிகழ்விலிருந்து எண்ணப்படுபவை.

இனி வங்கிக்கு வருவோம். ஒருவரையொருவர் கண்டறியாத விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வங்கியின் கடனுறுதிக் கடிதம் நிற்கிறது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. தாள்களை மட்டுமே பார்க்கிறது. அனைத்துலக வணிகச் சபையின் ஒருசீர் விதிகள் 39, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றுள் 28ஆம் விதி காப்புறுதி ஆவணத்திற்குரியது. கடனுறுதிக் கடிதம் வேறாகக் கூறாதபோது, காப்புறுதித் தொகை, சரக்கின் விலையோடு கப்பற்கூலியும் காப்புறுதிக் கட்டணமும் சேர்ந்த மதிப்பில் 110 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. 100,000 ரிங்கிட் மதிப்பெனின் 110,000 ரிங்கிட் வேண்டும். பாதுகாப்பு கப்பலேற்றும் நாளிலோ அதற்கு முன்னரோ தொடங்கியிருக்க வேண்டும். குறித்த இடம் சேரும்வரை தொடரவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். சரக்கு ஜூன் 20இல் கப்பலேறுகிறது; ஜூலை நடுவில் கரை சேரும். ஆவணத்திலோ ‘காலாவதி நாள்: ஜூன் 30’ என்றுமட்டும் உள்ளது. காலாவதியாவது எது? சரக்கை ஏற்றுவதற்கான இறுதி நாள் அதுவெனின் குறையில்லை. ஜூன் 20 அதற்கு முன்னதாகவே அமைகிறது. பாதுகாப்பே அன்று முடிகிறதெனின், சரக்கு நடுக்கடலில் காப்பின்றி நிற்கும். இழப்பீடு கோருவதற்கான இறுதி நாள் அதுவெனின், பெட்டியைத் திறந்து பார்க்குமுன்பே வாங்குபவரின் உரிமை மறைந்துபோகும். இழப்பீடு கோருவதற்குக் காலாவதி நாள் குறித்தலாகாது என, அச்சபை 2013இல் வெளியிட்ட வங்கி நடைமுறைத் தொகுப்பு விலக்குகிறது.

இலக்கணம் பயிற்றும் நமக்கு இக்குறை புதிதன்று. ‘வந்தான்’ என்றால் ‘யார்?’ என்று மாணவரைக் கேட்கிறோம். ‘காலாவதி’ என்ற விடத்தும் ‘எது?’ என்று கேட்டலே முறை. ‘இக்காப்புறுதி, ஜூன் 30ஆம் நாளுக்குள் கப்பலேற்றப்படும் சரக்குக்குரியது; சரக்கு சேருமிடம் அடையும்வரை தொடரும்’ என்று எழுதின் ஐயம் அகலும். காப்புறுதி நிறுவனத்திடம் அவ்வாறு எழுதித் தருமாறு கேட்கவேண்டியவர் ஏற்றுமதியாளரே. அதுவும் தாள்களை வங்கியில் கொடுக்குமுன் கேட்க வேண்டும்.

ஏனெனில், பிந்தினால் திருத்த நேரமிராது. வேறாகக் கூறாதவிடத்து, கப்பலேறிய 21 நாள்களுக்குள், கடனுறுதிக் கடிதத்தின் காலாவதிக்கும் உட்பட்டு, தாள்களை ஒப்படைக்க வேண்டும். வங்கிக்கு அவற்றை ஆராய மிகுதியாக ஐந்து வங்கி நாள்கள் உண்டு. அது மறுத்துவிட்டால் சரக்கு கடலில் இருக்கும். பணமோ வாங்குபவரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடும். பெருநிறுவனம் அதனைத் தாங்கும்; சிறு வணிகர் தாங்குவது அரிது.

பீடோங்கிலும் பாடாங் செராயிலும் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தலைமுறைகளின் வழிவந்தோர் நாம். அவர்தம் உழைப்பு துறைமுகம் கடந்து விலையானதும் இத்தகைய தாள்களின் வழியேதான். அத்தாள்களை எழுதுவோரும் சரிபார்ப்போரும் நம் மாணவருள்ளும் உருவாகலாம். அவர்கள் ஆவணத்தில் ஒரு நாளைக் கண்டால், ‘இது எதற்குரிய நாள்?’ என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே பெறட்டும். மொழிப்பாடம் அவர்களுக்குத் தரவல்ல காப்புறுதி அது; அதற்குக் காலாவதி இல்லை.