‘ஆம்’ என்னும் ஒரு சொல்

(தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உடன்பாட்டைத் தமிழ் ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லால் உணர்த்துகின்றது. ‘ஆகும்’ என்பதன் ஈற்றயல் உயிர்மெய் கெட்டு நின்ற வடிவே அது. இச் சிறுசொல்லுக்கு ஈடாக ஐரோப்பிய மொழிகளில் வழங்குவனவற்றை ஆராய்வார்க்குச் சொற்பிறப்போடு மொழிகளின் வாழ்வும் வீழ்வும் ஒருங்கே புலனாகும்.

உரோமரின் இலத்தீனில் இதற்கெனத் தனிச்சொல் நிலைபெறவில்லை. வினவிய வினையையே மீட்டுக் கூறுவர். அன்றேல் ‘அவ்வாறு’ எனப் பொருள்படும் ‘சீக்’ முதலிய சொற்களால் விடையிறுப்பர். அச் ‘சீக்’ இத்தாலியத்திலும் இசுப்பானியத்திலும் ‘சீ’ ஆயிற்று. ‘இது’ எனப் பொருள்படும் மற்றோர் இலத்தீன் சுட்டு, தென்பிரான்சில் ‘ஓக்’ என நின்றது. வடபிரான்சில் ‘அவன்’ என்னும் சுட்டோடு கூடி ‘ஓயில்’ என்றாகி, இன்று ‘உவி’ எனத் திரிந்து வழங்குகின்றது. ஐரிசு மொழியிலோ இன்றும் பொதுவான ‘ஆம்’ இல்லை. ‘வந்தாயா?’ எனின் ‘வந்தேன்’ என்பதே விடை. தமிழரும் அவ்வாறு விடையிறுத்தல் காண்க.

ஒலி ஒன்றாயினும் பொருள் மாறுபடுதலும் உண்டு. கிரேக்கர்க்கு ‘நே’ எனில் ‘ஆம்’. அண்டையிலுள்ள பல்கேரியர்க்கு ‘நே’ எனில் ‘இல்லை’. போலந்தியர் ‘தாக்’ என்பது உடன்பாடு. தேனியர் ‘தாக்’ என்பது நன்றி. முன்னது ‘அவ்வாறு’ என்னும் பொருளிற் பிறந்தது. பின்னது ஆங்கிலத் ‘தேங்க்’ என்பதனோடு ஒருவேர்ப் பிறந்தது. உருமானியம் இலத்தீனின் மகளாயினும், உடன்பாட்டிற்குச் சுலாவியத் ‘தா’வையே கடன்கொண்டது. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு காட்டல் சொல்லாராய்ச்சி ஆகாது என்பதைத் தமிழ் வேர்ச்சொல் காணப் புகுவாரும் நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே என்னும் இத்தாலியப் பெரும்பாவலர், மக்கள் மொழியின் மாண்பை நிறுவ ஒரு நூல் யாத்தார். அதன்கண் ‘ஓக்’ என்பார், ‘ஓயில்’ என்பார், ‘சீ’ என்பார் என உடன்பாட்டுச் சொல் கொண்டே மொழிகளைப் பகுத்தார். தென்பிரான்சின் ஒரு பகுதிக்கு வழங்கும் ‘இலாங்குதோக்கு’ என்னும் பெயரே ‘ஓக் மொழி’ எனப் பொருள்படுவது. ஒரு சிறுசொல் மொழிக்கும் மண்ணுக்கும் பெயராயிற்று!

அம் மொழி எய்திய நிலை யாது? 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அதன் காதற்பாக்கள் ஐரோப்பியப் பாவலர்க்கு வழிகாட்டின. ஆயின், 1539ஆம் ஆண்டின் அரசாணை முறைமன்ற ஆவணங்களுக்குப் பிரெஞ்சே உரியது என்றது. 1794இல் ஆயர் கிரெகுவார், வட்டாரமொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பரப்புதற்கான அறிக்கையைப் பேரவையில் வைத்தார். பின்னர்ப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய சிறார் ஒறுக்கப்பட்டனர். தம் மொழியையே நாணும் நிலைக்கு அம் மக்கள் தள்ளப்பட்டனர். 1904இல் மிசுத்திரால் என்னும் ஓக்மொழிப் பாவலர் நோபல் பரிசு பெற்றும் வீழ்ச்சி நிற்கவில்லை. பிரான்சில் அதற்கு ஆட்சியுரிமை இல்லை. எல்லைக்கு அப்பால், இசுப்பானியத்தின் கற்றலோனியாவிலே, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அஃது ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பிறந்த மண்ணில் இல்லாத உரிமை அயல்மண்ணில்!

தமிழ்நாட்டின் நிலையோ வேறு. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ‘ஆம்’ என்று சொல்லற்க எனத் தடுக்கும் ஆணை யாதும் இல்லை. அவ்வாறிருந்தும் ‘எசு’ என்றும் ‘ஓகே’ என்றும் விடையிறுப்பார் பெருகுகின்றனர். வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என எழுந்து நின்ற சிறார்க்கு, இன்று பல பள்ளிகளில் ‘எசு மிசு’ கற்பிக்கப்படுகின்றது. ஓக் மொழியை ஆணை துரத்தியது. தமிழ்ச்சொல்லைத் தமிழரே கைவிடுகின்றனர். பகைவன் பறித்த பொருளை மீட்கப் போராடலாம். தானே எறிந்த பொருளை எவரிடம் கேட்பது?

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் இன்றே தொடங்குக. ‘தமிழிற் பேசுவாயா?’ என்று குழந்தையை வினவுக. ‘பேசுவேன்’ என்றோ ‘ஆம்’ என்றோ அது விடையிறுக்குமாயின், தமிழ் வாழும்.

வாழ்க தமிழ்! வெல்க தனித்தமிழ்!