ஊமைப் பெட்டியும் ஒரு ரிமோட்டும்



மாயாபந்தரில் எனக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. பெரியவர் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்து, தச்சுத் தொழில் செய்து வீடு கட்டியவர். அவர் காலமாகிவிட்டார். மகன் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கூடத்தில் ஹோம் தியேட்டர் ஒன்றை அமைத்திருக்கிறார். அங்கே தொலைக்காட்சிக்கு ஒன்று, டிஷ் பெட்டிக்கு ஒன்று, படத்தட்டு இயக்கும் கருவிக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று என நான்கு ரிமோட்டுகள் மேசைமேல் கிடக்கும். மகன் வேலைக்குச் சென்றபின் அம்மையார் ஏதேனும் ஒன்றை எடுத்து அழுத்துவார். படம் வரும், ஒலி வராது.

“தம்பி, ஊர்ச் செய்தி கேட்கத்தான் இதன் எதிரே உட்காருகிறேன். மகன் வீட்டில் இருந்தால்தான் இது பேசுகிறது, இல்லாவிட்டால் ஊமைப் பெட்டி” என்றார் ஒருநாள்.

நான்கின் வேலையையும் ஒன்றே செய்யும் பொது ரிமோட்டுகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஆனால் மாயாபந்தர் போன்ற ஊரில் வாங்குவோருக்கு விலையைவிடப் பெரிய கவலை வேறொன்று. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் சாலை. இடையே காவல் துணையுடன் குறித்த வேளைகளில் மட்டும் வண்டிகள் செல்லும் ஜாரவா வனப்பகுதி. தவறான பொருள் வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்புவது எளிதன்று. நானே ஒருமுறை படத்தைப் பார்த்து ஒரு ரிமோட்டை வரவழைத்தேன். என் ஆம்ப்ளிஃபையருக்குரிய குறியீடு அதில் இல்லை. திருப்பி அனுப்பும் செலவுக்கு இன்னொன்று வாங்கியிருக்கலாம். ஆகவே வாங்கும் முன்பே யோசித்துக்கொள்வது நன்று.

முதலில் இதன் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ரிமோட்டுகளின் முனையில் உள்ள சிறு விளக்கு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 940 நானோமீட்டர். வெயிலும் வீட்டு விளக்கும் இடையே புகுந்து குழப்பாதிருக்க, அவ்வொளி நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. சோனி நிறுவனத்தார் 40,000 என்றும், பிலிப்ஸ் நிறுவனத்தாரின் பழைய முறை 36,000 என்றும் வைத்துக்கொண்டனர். துடிப்புகளின் நீட்டமும் குறுக்கமும் எழுத்துகள் போல. ஆக, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி மொழி. (1956-இல் அமெரிக்காவின் ஸெனித் நிறுவனம் வெளியிட்ட ரிமோட்டில் ஒளி இல்லை; அலுமினியத் தண்டுகளைத் தட்டி, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பினார்கள். அதற்குப் பாட்டரியே வேண்டியதில்லை. கடற்காற்று வீசும் நம் தீவுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும்!)

கடையில் விற்கும் பொது ரிமோட்டுகளில் இரண்டு வகைகளே நமக்கு முக்கியம். முதல் வகை, பல நிறுவனங்களின் மொழிகளை முன்பே மனப்பாடம் செய்துகொண்டு வருவது. பெயர்பெற்ற தொலைக்காட்சிகளுக்கு இது போதும். விலை மலிந்த ஆம்ப்ளிஃபையருக்கோ, புதிதாக வந்த டிஷ் பெட்டிக்கோ இது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. இரண்டாம் வகை, கற்கும் ரிமோட். பழைய ரிமோட்டை அதன் எதிரே வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினால், அந்த ஒளித் துடிப்பைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளும். கருவி எந்த நிறுவனத்தினது என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. என் தீர்ப்பைக் கேட்டால், தொலைவான ஊர்களில் இருப்போர் இந்த இரண்டாம் வகையையே வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: கற்பிக்க ஆசான் உயிரோடு இருக்க வேண்டும். பழைய ரிமோட் செத்தபின் கற்கும் ரிமோட்டை வாங்கிப் பயனில்லை. நம்மில் பலர் அப்போதுதான் கடைக்கு ஓடுகிறோம். பழையது உயிரோடு இருக்கிறதா என அறிய, கைப்பேசியின் முன்பக்கக் கேமராவின் எதிரே ரிமோட்டைப் பிடித்து அழுத்துங்கள். திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ ஒளி மின்னினால் உயிர் இருக்கிறது.

புளூடூத்தில் இயங்கும், குரல் கேட்கும் ரிமோட்டுகளை இவ்வாறு கற்பிக்க இயலாது. இணையத்தின் துணை வேண்டும் ரிமோட்டுகளையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். இங்கே இணைப்பு அறுந்த நாளில் அவையும் ஊமையாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அணைப்பதாகச் சொல்லும் விலையுயர்ந்தவற்றுக்கும் மயங்க வேண்டாம். பல கருவிகளில் ஏற்றவும் அணைக்கவும் ஒரே குறிதான். ஒன்று முன்பே அணைந்திருந்தால், அந்தப் பொத்தான் அதை ஏற்றிவிடும்!

பணமே செலவழிக்காமல் தீரும் வழியும் உண்டு. தொலைக்காட்சியையும் ஆம்ப்ளிஃபையரையும் எச்.டி.எம்.ஐ. கம்பியால், ஏ.ஆர்.சி. என்று எழுதியுள்ள துளையில் இணைத்து, அமைப்புப் பக்கத்தில் சி.இ.சி. வசதியை இயக்கிப் பாருங்கள். சாம்சங் இதனை எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்.ஜி. சிம்ப்ளிங்க் என்றும் அழைக்கின்றன. தொலைக்காட்சி ரிமோட்டே ஆம்ப்ளிஃபையரின் ஒலியையும் கூட்டிக் குறைக்கக்கூடும். சில டிஷ் ரிமோட்டுகளிலும் கற்கும் பொத்தான்கள் நாலைந்து உண்டு. அவற்றுக்கு ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கற்பித்துவிடலாம்.

அம்மையார் வீட்டு ஆம்ப்ளிஃபையர் பழையது, எச்.டி.எம்.ஐ. துளையே கிடையாது. கற்கும் ரிமோட் ஒன்றை வரவழைத்தோம். பாட்டரியை எடுத்தாலும் கற்றது மறவாத வகையா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டோம். வந்த அன்று ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் மின்னவில்லை! திறந்து பார்த்தால் பாட்டரி கசிந்து, உப்புக் காற்றில் சுருள் கம்பிகள் களிம்பேறிக் கிடந்தன. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, புதிய பாட்டரி இட்டோம். மினுக்கென்று ஒளி வந்தது. அன்று பிற்பகலுக்குள் ஏழு பொத்தான்களைக் கற்பித்து முடித்தோம். வேண்டாத பொத்தான்களை மகன் துணி டேப்பால் மூடிவிட்டார். ஒலிக்கான இரண்டிலும் அம்மையார் குங்குமத்தால் பொட்டு வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அது அழிந்துபோயிற்று. அதற்குள் விரலுக்கே இடம் பழகிவிட்டிருந்தது.