நடுத்தீர்வையில் கேட்கப்படுவது



மறைக்கல்வி ஆசிரியராக வாழ்ந்து மறைந்த ஒருவரின் பேரால் நடக்கும் சொற்பொழிவு இது. அவர் பிள்ளைகளுக்கு ஓயாமல் படிப்பித்த பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: மீட்பு, நற்செயல், இறைவனின் தீர்வை.

நமது மன்னாரிலிருந்தே தொடங்கலாம். 1544இல் மன்னார் மக்கள் அழைத்தபோது புனித பிரான்சிஸ் சவேரியார் தாம் வர இயலாமல் ஒரு குருவை அனுப்பினார். மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஆண்டு முடியுமுன்னரே யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணைப்படி, மரபாகச் சொல்லப்படும் தொகையில், 600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகள் என்று நாம் வணக்கம் செலுத்துவது இவர்களுக்குத்தான்.

இறைவனிடம் காட்ட இவர்களிடம் என்ன இருந்தது? கட்டிய கோயில் இல்லை. நேர்ந்து முடித்த யாத்திரை இல்லை. ஒப்புக்கொடுத்த பூசைகள் இல்லை. மந்திரங்கள் முழுவதும் பாடமாகியிருந்திருக்குமோ என்பதே ஐயம். சில மாதங்களுக்கு முன் பெற்ற விசுவாசத்தை விடமாட்டோம் என்று நின்றார்கள். அந்த விசுவாசமும் அவர்கள் உழைத்துச் சேர்த்ததல்ல, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இந்தக் கேள்வியே திருச்சபையைப் பிளந்துகொண்டிருந்தது. 1517இல் லூத்தர் தொடங்கிய வாதத்துக்கு, 1547 ஜனவரி 13இல் திரிதெந்து சங்கம் பதில் சொன்னது. கத்தோலிக்கரான நாம் அந்தப் பதிலில் பாதியை மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம். நற்செயலுக்குப் பேறுபலன் உண்டு என்பது மட்டும் நமக்கு நினைவிருக்கிறது. நம்மை இறைவனுக்கு ஏற்புடையவராக்கும் முதல் அருளை மனிதனின் எந்தச் செயலும் சம்பாதித்துத் தராது, நம் பேறுபலன்களும் இறைவன் தந்த கொடைகளே என்று அதே சங்கம் சொன்னது மறந்துபோயிற்று. 1999 ஒக்டோபர் 31இல் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒப்பமிட்ட கூட்டுப் பிரகடனம் இந்த இடத்தில்தான் கைகோத்தது. 2006இல் மெதடிஸ்த சபையினரும் அதில் சேர்ந்தார்கள்.

அருள் கொடையே என்பதை நம் வரலாறும் காட்டுகிறது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்து நம் குருக்களை விரட்டினார்கள். 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கை வந்து சேரும்வரை, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவஸ்தை பூசவோ ஆளில்லாமல் ஒரு தலைமுறையே இறந்தது. சாகக் கிடந்தவரின் காதருகே குனிந்து யாரோ ஒரு தாய் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பாள். அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவர்களை இறைவன் கைவிட்டார் என்று சொல்ல எனக்கு நா எழாது.

அந்த வாஸ் அடிகளே 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, உறவினர் காட்டில் விட்டுப்போன நோயாளரை மதம் கேளாமல் பராமரித்தார். விசுவாசமும் செயலும் அவரிடம் இரண்டாக இருக்கவில்லை. 2015 ஜனவரி 14இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த அன்றே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கும் வந்ததை நீங்கள் அறிவீர்கள்.

இனித் தீர்வைக்கு வருவோம். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இரண்டு செய்திகள் என்னை உறங்கவிடுவதில்லை. முதலாவது, வலப்பக்கம் நிற்பவர்களுக்குத் தாங்கள் செய்தது தெரியவில்லை. உமக்கு எப்போது உணவு தந்தோம் என்று அரசரையே கேட்கிறார்கள். உயிலங்குளத்து வீதியில் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், கொளுத்தும் வெயிலில் பைகளைத் திறந்துகாட்டி நின்ற சனத்துக்கு ஒரு அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கோப்பையில் வார்த்துக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். யாருடைய பேரையும் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவக்கூட நேரமில்லாமல் அடுத்த கையில் கொடுத்தா. இன்று அவவிடம் கேட்டால் நினைவே இராது. நாமோ கோயிலுக்கு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறகில் பேர் எழுதுகிறோம்.

இரண்டாவது செய்தி இதைவிடக் கடுமையானது. இடப்பக்கம் நிற்பவர்கள்மேல் கொலைப்பழி இல்லை, களவுப்பழியும் இல்லை. செய்யாமல் விட்டதுதான் அவர்கள் குற்றம். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்தும் அவர்கள் போனார்கள். எருக்கலம்பிட்டியாரும் முசலியாரும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கொட்டில்களில் இருந்து பிள்ளை வளர்த்தார்கள். நம்முடைய இழப்புகளை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் அயலவன் போனபோது நாம் எங்கே நின்றோம் என்ற கேள்வியும் அந்தத் தீர்வையில் வரும். அப்போது பயந்திருந்தோம் என்பது உண்மை. பயத்தை அறிந்தவர்தான் நமக்குத் தீர்ப்பிடுகிறார் என்பதே என் நம்பிக்கை.

பயத்துக்கு மன்னிப்பு உண்டு. அபகரித்ததை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க முடியாது என்பது பாவசங்கீர்த்தனத்தின் பழைய சட்டம். பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவருக்குக் குரு பாவமன்னிப்பு அளிப்பதில்லை. போனவர்களின் காணியோ கிணறோ நிலைக்கதவோ நம்மில் எவர் கையிலாவது இன்னும் இருக்குமானால், அவர்கள் ஊர் திரும்பியிருக்கும் இந்தக் காலத்தில், வருகிற தவக்காலத்துக்குள் அதை உரியவரிடம் ஒப்படைக்கும்படி இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.