புங்க மரம் வளைந்த வழி

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பேருந்தில் வலப்பக்க சன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். சிறுமலை நெடுந்தூரம் கூடவே வரும். மாந்தோப்பு, புளியமரம், நடுநடுவே மானாவாரிக் காடு. சாணார்பட்டி இந்தச் சாலையில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் 'பட்டி'. அந்தச் சொல்லுக்குச் சிற்றூர் என்றும் பொருள். மாடு அடைக்கும் இடம் என்றும் பொருள்.

மாட்டோடு வந்து திண்டுக்கல் சமவெளியில் தங்கியவர்களில் ஒரு கூட்டத்தார் ராஜகம்பளத்து நாயக்கர்கள். வீட்டுப் பேச்சு தெலுங்கு, தெய்வம் ஜக்கம்மா. வடக்கே ஓர் அரசன் தங்கள் பெண்ணைக் கேட்க, இரவோடு இரவாகக் கிளம்பினார்களாம். குறுக்கே பெருக்கெடுத்த ஆறு. கரையில் நின்ற இரண்டு புங்க மரங்கள் வளைந்து பாலமாயின. துரத்தியவர்கள் அக்கரையிலேயே நின்றார்கள். இது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. புங்க மரத்துக்கு அவர்களிடம் தனி மரியாதை.

கடல் கடந்து அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை ஜனங்களை நடக்க வைத்தது. மேற்கே கண்டம் முழுக்கப் பரவுவது கடவுள் விதித்தது என்று 1845இல் எழுதினார் ஜான் ஓசல்லிவன் என்ற பத்திரிகையாளர். 1862இல் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் தரும் சட்டம் வந்தது. வறண்ட சமவெளியில் ஏர் ஓட்டினால் பின்னாலேயே மழை வரும் என்றுகூட நம்பினார்கள். 1890களின் வறட்சி அந்த நம்பிக்கையைக் காயப்போட்டது. அதற்குள் செவ்விந்தியர் பலர் சொந்த மண்ணை இழந்திருந்தார்கள்.

அங்கே கதை முன்னாலிருந்த நிலத்தைக் காட்டி, 'உனக்குத்தான்' என்றது. இங்கே கதை, விட்டு வந்த ஊரை நினைத்து, 'தப்பித்தோம்' என்றது.

தப்பி வந்தவர்கள் அப்படியே இருந்துவிடவில்லை. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியில் அமர்ந்தார். நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. கம்பளத்தார் பலர் பாளையக்காரர் ஆனார்கள். வரி வாங்கினார்கள், காவல் காத்தார்கள். அவர்களுக்கு முன்பே இங்கே உழுதவர்களைப் பற்றி மரக்கதை வாய் திறப்பதில்லை.

1792இல் திண்டுக்கல் சீமை மைசூர் மன்னர் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கம்பெனியை எதிர்த்து நின்ற விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரை 1801இல் தூக்கிலிட்டார்கள்.

பாளையங்கள் போய்விட்டன; கதை இருக்கிறது. கம்பளத்தார் ஊர்த் திருவிழாவில் உறுமி முழங்கத் தேவராட்டம் ஆடும்போது போனால், ஓரமாக நிற்கும் பெரியவர் ஒருவரிடம் அந்த ஆற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.