தள்ளுபடி யாருக்குக் கிடைக்குது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என் அக்கா தங்கைகளே,

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘குறைந்த விலை சூப்பர் மார்க்கெட்டுகள்: தரம் உண்டா, லாபம் உண்டா?’ சில மாதங்களாக நம்ம குழுக் கூட்டங்களில் சேமிப்பு வசூலித்து முடித்ததும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. அங்கே நீங்கள் சொன்னதைத்தான் முதலில் தொகுத்துச் சொல்லப் போகிறேன்.

நல்லது என்று சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்? “பாக்கெட்டில் தேதி இருக்கு, எடை இருக்கு, எடுத்துப் பார்த்துப் பிடிக்கலைன்னா திருப்பி வச்சிடலாம்” என்றார்கள். “அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் ஒரே இடத்தில் முடிஞ்சிடுது, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தானே நமக்கு லீவு” என்றார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஒரு அக்கா சொன்னது என் மனசிலேயே நிற்கிறது. “அங்கே யாரும் என்னை ஓரமா நில்லுன்னு சொல்றதில்லை. நீ எந்தத் தெருன்னு கேக்கிறதில்லை. கூடையை எடுத்துக்கிட்டு எல்லாரையும் போல நடக்கிறேன்.” சகோதரிகளே, இதை விலை போட்டுச் சொல்ல முடியாது. மலிவு மட்டும் பார்த்து நாம் அங்கே போகவில்லை, மரியாதையும் பார்த்துத்தான் போகிறோம்.

சரியில்லை என்று சொன்னவர்களும் உண்டு. “பருப்பு பார்க்க பளபளன்னு இருக்கு, ஆனா குக்கரில் நாலு விசில் வச்சாலும் வேகலை.” “ரெண்டு பொருள் வாங்கப் போய் பன்னிரண்டு பொருளோட வந்தேன்.” “ஆட்டோவுக்கே போச்சு மிச்சம் பிடிச்ச காசு.” “பத்து ரூபாய்க்கு மிளகு வேணும்னா அங்கே கிடைக்குமா?” இதுவும் உண்மைதான்.

அப்போ எது சரி? முதலில் அந்தக் கடைகள் எப்படி விலையைக் குறைக்கின்றன என்று பார்ப்போம். 2002-ல் மும்பையில் தொடங்கிய டிமார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சொந்தக் கட்டடம், அதனால் வாடகைச் சுமை குறைவு. மொத்தமாக வாங்குகிறார்கள். சரக்கு கொடுத்தவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்காக விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். பொருளை எடுத்துத் தர ஆள் வேண்டாம், நாமே எடுத்துக்கொள்கிறோம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. கையில் ரொக்கம், மொத்தக் கொள்முதல், குறைந்த செலவு, இந்த மூன்றும்தான். இதை மனசில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

அடுத்து, அந்த பில்லின் அடியில் “இன்று நீங்கள் சேமித்தது இவ்வளவு” என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து நாமும் சந்தோஷப்படுகிறோம். அது எதிலிருந்து கழித்த கணக்கு? எம்.ஆர்.பி.யிலிருந்து. எம்.ஆர்.பி. என்றால் அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்ச விலை. அந்த விலைக்குத்தான் எல்லாரும் விற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு உதாரணத்துக்கு, பாக்கெட்டில் 180 ரூபாய் என்று போட்டிருக்கும் பருப்பை சூப்பர் மார்க்கெட்டில் 150-க்குக் கொடுக்கிறார்கள். பில் சொல்லும், நீங்கள் 30 ரூபாய் சேமித்தீர்கள் என்று. நம்ம தெரு மளிகைக் கடையில் அதே தரத்துப் பருப்பு 155 என்றால், நிஜமான மிச்சம் 5 ரூபாய். போக வர ஆட்டோ எவ்வளவு? கழித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பாக்கெட்டின் எடை. முன்பெல்லாம் அரை கிலோ, ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்று இருந்தது. இப்போது எந்த எடையிலும் பாக்கெட் வருகிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். பக்கத்தில் அதே உயரத்துக்கு இன்னொரு பாக்கெட் பத்து ரூபாய் குறைவாக இருந்தால், உடனே கூடையில் போடாதீர்கள். திருப்பிப் பாருங்கள், எடை குறைவாக இருக்கலாம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் கிலோ விலை இருக்கும். அதுதான் நமக்கு உண்மை சொல்லும் எழுத்து. பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சின்ன எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் கடைக்குக் கடை அல்ல, பொருளுக்குப் பொருள் மாறும். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எங்கே வாங்கினாலும் அதே கம்பெனிதான். தேதி மட்டும் பார்த்து, மலிவான இடத்தில் வாங்கலாம். பருப்பும் அரிசியும் அப்படி இல்லை. புதுக் கடையிலிருந்து முதலில் கால் கிலோ வாங்கி வேக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மாதத்துக்கு வாங்குங்கள். மிளகாய், தனியா முழுசாக வாங்கிக் காயவைத்து மிஷினில் அரைப்பதற்கு எந்தத் தூளும் ஈடாகாது. காய்கறிக்கு உழவர் சந்தையும் நேதாஜி மார்க்கெட்டும் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை பிளாஸ்டிக் உறையில் தேடினால் கிடைக்குமா? ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை விட்டுவிட்டுத் தள்ளுபடியைத் தேடிப் போவது கணக்கு ஆகாது.

பில்லை வாசலில் நின்றே சரிபாருங்கள். அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை இருந்தால் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தள்ளுபடிக் கடை யாருக்குத் தள்ளுபடி கொடுக்கிறது? சம்பளம் ஏறின வாரத்தில் கையில் காசு வைத்திருப்பவளுக்கு. இருபதாம் தேதி காசு தீர்ந்து, ஆர்டர் இல்லை என்று கம்பெனியில் நாலு நாள் வேலையும் இல்லாதவளுக்கு அந்தக் கடை கதவு திறந்திருந்தும் பயன் இல்லை. அவள் தெரு முனையில் இருக்கிற மளிகைக் கடைக்குத்தான் போகிறாள், நோட்டில் எழுதி வாங்குகிறாள். கடனுக்கு வாங்குகிறவளுக்கு விலை கேட்க வாய் வராது. கல் இருந்தாலும், வண்டு இருந்தாலும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆகக் குறைவாகச் சம்பாதிப்பவள்தான் ஆக அதிக விலை கொடுக்கிறாள்.

அதற்காக மளிகைக் கடைக்காரரைத் திட்ட நான் வரவில்லை. பிரசவத்துக்கும் சாவுக்கும் ராத்திரியில் கதவைத் தட்டினால் திறப்பவர் அவர்தான். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1997-ல் சென்னையில் சுபிக்ஷா என்ற குறைந்த விலைக் கடை தொடங்கியது. நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்தது. 2009-ல் பணம் முடங்கி எல்லாம் மூடிவிட்டது. பெரிய கடையும் ஒருநாள் மூடலாம். அதற்குள் தெருக் கடையும் போயிருந்தால் நாம் எங்கே போவோம்? அதனால் இது வேண்டும், அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. ரொக்கமும் மொத்தக் கொள்முதலும்தான் மலிவின் ரகசியம் என்றால், அது இரண்டும் நம்ம குழுவிடம் இல்லையா? 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற மில் ஊரில் 28 பேர், நம்மைப் போல உழைக்கிறவர்கள், காசு போட்டுச் சொந்தமாக ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி என்று ஐந்தே பொருள்கள்தான். கலப்படம் இல்லை, எடைக் குறைவு இல்லை. அந்த வழியில்தான் 1904-ல் சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் வந்தது. நம்ம சிந்தாமணி, காமதேனு கூட்டுறவுக் கடைகள் எல்லாம் அந்த எண்ணத்தின் பிள்ளைகள்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் ஒரு விலை நோட்டு போட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று பத்துப் பொருள் போதும். மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட், ரேஷன் என்று மூன்று கட்டம். மாதம் ஒருமுறை கிலோ விலையை எழுதி, கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

இரண்டு, மளிகைக் கடையில் பழைய பாக்கி உள்ள உறுப்பினருக்குக் குழுவின் உள்கடனில் முன்னுரிமை கொடுக்க வேண்டும். பாக்கியை அடைத்துவிட்டால் அவளும் ரொக்கம் கொடுத்து, விலை பேசி, பார்த்து வாங்குவாள். அதே கடைக்காரரும் குறைத்துக் கொடுப்பார்.

மூன்று, சேர்ந்து வாங்க வேண்டும். பாக்கெட் போட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் இல்லை. 2022-க்குப் பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டை வந்த காரணம் இதுதான். ஒருத்தியால் முடியாததை இரண்டு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பதினைந்து பேர் சேர்ந்தால் வேலூர் லாங்கு பஜாரில் மொத்தக் கடையிலேயே பருப்பு மூட்டை இறக்கலாம். அதோடு, நம்ம குழுக்கள் செய்கிற ஊறுகாய், மசாலாத்தூளையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் எடை, தேதி, தரம் சரியாக இருக்க வேண்டும். நம்ம பெண்கள் செய்தது என்பதற்காக யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள்.

இந்த மூன்றையும் இன்றைய பொதுக்குழுவில் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருபதாம் தேதி கையில் காசில்லாமல் நிற்கிற நம்ம உறுப்பினருக்கும் அந்தத் தள்ளுபடி போய்ச் சேர வேண்டும். குழு இருப்பது அதற்காகத்தான்.