சிறிய கூடமும் பெரிய ஓசையும்

தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நம்மவர்க்கு ஒரு தீராக் கவலை உண்டு. பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள், எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்பதே அது. அந்தமானில் மொழிபெயர்ப்புப் பணியாற்றும் நமக்கும் அக்கவலை புதிதன்று. ஆயினும் ஒரு சனிக்கிழமை இரவு அதைச் சற்றே இலேசாக்கியது. அவ்விரவைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

இத்தீவுகளில் இருள் விரைந்து வரும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நாமோ 93 பாகைக்கு அருகே இருக்கிறோம். ஆதலால் கதிரவன் நாற்பது நிமிஷம் முந்திக்கொண்டு மறைகிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டும். நீண்ட இரவை எப்படிக் கழிப்பது என்பது இளைஞர்க்கு ஒரு பிரச்னை.

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற போர்ட் பிளேயரில், நமது அண்டை வீட்டார் இராமநாதபுரத்துக்காரர், துறைமுகத் தொழிலாளி. அவருடைய மகன் மின்சார கிதார் வாசிப்பவன். "அண்ணா, அது சங்கீதமா? தகரக் கொட்டகை சரிந்து விழுவது போலல்லவா இருக்கிறது!" என்பார் தந்தை. மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கப்பல் ஏறுமுன் நண்பர்களோடு கடைசியாக ஒருமுறை வாசிக்கப் போவதாகச் சொன்னான். "மாமா, நீங்கள் அவசியம் வரவேண்டும்; அப்பாவிடமும் சொல்லுங்கள்" என்றான். சொன்னோம். அவர் இசையவுமில்லை, மறுக்கவுமில்லை.

இடம் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடம். மேஜைகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். கூட்டம் ஐம்பது பேர் இருக்கும். முரசுகளுக்குப் பின்னே கார் நிகோபார் இளைஞன், பாடுபவன் வங்காளி, மற்றொருவன் ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தான். உப்புக்காற்றில் கிதார்த் தந்தி துருவேறுமாம். ஒவ்வொரு முறை வாசித்த பின்னும் துடைத்து வைக்கிறார்கள். "முன்பெல்லாம் ஒரு பாட்டை இணையத்தில் பெற இரவெல்லாம் காத்திருப்போம்" என்றார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி வந்தபின் அத்துன்பம் குறைந்தது.

முதற் பாட்டு தொடங்கியதும் மேஜைமேலிருந்த தண்ணீர் நடுங்கியது; நமது நெஞ்சும் அவ்வாறே. செவியில் வைக்கப் பஞ்சு கொண்டு சென்றோம். இது கேலிக்குரியதன்று. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும் என்பது தொழில்நல நிபுணர் கணக்கு. 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். உண்மையில் பஞ்சைவிட ரப்பர் அடைப்பான் நன்று.

ஹெவி மெட்டல் என்னும் இவ்விசை பிறந்த வரலாறு கேட்கத்தக்கது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து டோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பதினேழாம் வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். நெருப்பில் விரல்கள் ஊனமுற்றும் கிதார் மேதையான ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டை மேலாளர் கேட்கச் செய்து தேற்றினார். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்தி பூட்டினார். பின்னர் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அதிலிருந்து எழுந்தது அந்தக் கனத்த நாதம். அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வெளிவந்தது. நம் தவில் வித்துவான்களும் பசையும் துணியும் கொண்டு செய்த கூட்டை விரலில் மாட்டித்தானே வாசிக்கிறார்கள்? திருவிழாவில் தவிலுக்கு அருகே நின்று தலையசைக்கும் நாம், பேரோசை என்பதற்காக மட்டும் பிறிதோர் இசையைப் பழித்தல் நியாயமன்று.

நடுவே ஒரு பாட்டு தமிழில் வந்தது. அண்டை வீட்டுப் பிள்ளையே இயற்றியது. கார் நிகோபார் இளைஞன் அதன் பல்லவியைத் தமிழிலேயே உடன் பாடினான். அப்போது திரும்பிப் பார்த்தோம். வாயிலருகே, வேலை உடுப்போடு, தந்தை நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ!

இரவு பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டு விதி. மூடிய கூடத்துக்கு விலக்கு உண்டெனினும் விடுதிக்காரர் பத்துக்கே நிறுத்திவிட்டார். தந்தை மகனிடம் சென்று, "விரல் வலிக்கவில்லையா?" என்று கேட்டார். அவன் காய்த்துப்போன நுனிகளைக் காட்டினான். கயிறிழுத்துக் காய்த்த தம் கையை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பாட்டு நன்றாயிருந்தது என்று சொல்லவில்லை. "மூன்று நாள் கப்பல். உப்புக்காற்று படுமே, இதை எதில் வைத்துக் கொண்டுபோவாய்?" என்றார். மறுநாள் காலை அவர் வீட்டுத் திண்ணையில் தார்ப்பாயும் ஊசி நூலும் கண்டோம்.

லிவர்பூலில் பீட்டில்ஸ் வளர்ந்ததும் 1957-ல் திறந்த கேவர்ன் என்னும் நிலவறைக் கூடத்தில்தான். பெரிய இசைக்குச் சிறிய கூடம் வேண்டும். அதன் வாயிலில் வீட்டார் ஒருவர் நிற்கவும் வேண்டும். உங்கள் ஊரில் உங்கள் பிள்ளை அழைத்தால் ஒருமுறை போய்வாருங்கள். செவிக்கு அடைப்பான் மறவாதீர்கள்.